மலையெழுதியின் மேகமும் என் இடது காலும்

துடியலூரில் முதல் தகரக் கொட்டகை போட்டவன் நான். பாறையைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று எல்லோரும் கைவிட்ட காட்டில் வெடி வைத்துக் கிணறு வெட்டினேன். இன்றைக்கு அந்தத் தெருவே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. உக்கடத்தில் தவளை கத்திக்கொண்டிருந்த பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கி லாரி ஷெட் கட்டினேன். சேற்றில் லாரி புதைந்துவிடும் என்று சிரித்தவர்களின் லாரிகள் இப்போது அங்கேதான் நிற்கின்றன. எண்ணெய் மில், இரும்புப் பட்டறை, ஒரு டாக்கீஸ் எல்லாம் பிற்பாடு வந்தவை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் இத்தனையும் கட்டினேன். ஒவ்வொன்றின் வாசலிலும் கல்லில் என் பெயர் வெட்டியிருக்கிறது. சந்தேகமிருந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் உண்டாக்கியதில் என் பெயர் இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு மேகம்.

அந்த மேகத்தில் பாதி என்னுடையது. மீதிப் பாதி மலையெழுதியுடையது. மலையெழுதி என்றால் யார் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பூமியில் பிறந்த மனுஷர்களில் ஒரு மலையோடு கோபித்துக்கொண்டு நாள் கணக்கில் பேசாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். கடைசியில் இறங்கி வந்தது மலைதான்.

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தது மேட்டுப்பாளையம் ரோட்டில். வெள்ளைக்காரன் ராஜ்யம் நடந்துகொண்டிருந்த முப்பதுகள். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. கொட்டகைக்கு வேண்டிய தகரத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். திடீரென்று மாடுகள் நின்றுவிட்டன. எட்டிப் பார்த்தால், நடு ரோட்டில் ஒரு ஒல்லியான மனுஷர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே குருடிமலையைப் பார்க்கிறார். தோளில் ஒரு துண்டு. அதில் இல்லாத நிறம் கிடையாது.

"ஏனுங்க, நடு ரோட்டுல உக்காந்துட்டு என்ன பண்றீங்க?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "சித்தெ இருங்க கண்ணு. அந்தப் பள்ளத்துல நெழலு எறங்கீட்டு இருக்குது."

"நாங்க போகோணுமுங்க."

"போங்க, ஆரு வேண்டாம்னா? அக்கட்டால ஒடிச்சு ஓட்டிக்கங்க. வண்டிய நவுத்தறக்கு மாடு இருக்குது. மலைய நவுத்தறக்கு ஆளில்லீன்னுதான நான் இங்க வந்து உக்காந்துருக்கறேன்."

அதற்குள் எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்று கத்தியது. டிரைவர் இறங்கி வந்து திட்டப் போனார். மலையெழுதி கையை நீட்டி மலையைக் காட்டினார். டிரைவர் பார்த்தார். கண்டக்டர் வந்தார், அவரும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ரோட்டில் இறங்கி நின்று, குருடிமலையின் பள்ளத்தில் நிழல் இறங்குவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினம் அந்த மலைக்கு அடியிலேயே மாடு மேய்க்கிற ஆட்கள்!

"எறங்கீருச்சுங்ளா?" என்று கடைசியில் டிரைவரே பவ்யமாகக் கேட்டார்.

"எறங்கீருச்சுங்க. இனிப் போலாம்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். பஸ்ஸுக்கே உத்தரவு கொடுக்கிற ஆள் இவர், சாமானியப்பட்டவரில்லை என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆளை எடை போடுவதில் என்னை மிஞ்ச ஜில்லாவில் ஆளில்லை. என்ன தொழில் என்று கேட்டேன். நாடகக் கம்பெனிகளுக்கு சீன் எழுதுகிறவராம். மேடையில் பின்னால் தொங்குகிற படுதாவில் அரண்மனை, காடு, தெருவெல்லாம் எழுதுவார்களே, அது. பெயரைக் கேட்டேன். மலையைக் காட்டினார். ஊரைக் கேட்டேன். அதற்கும் மலையைத்தான் காட்டினார். மலையெழுதி என்ற பெயர் பிற்பாடு நாங்கள் வைத்தது. சரி, வண்டியில் ஏறுங்கள் என்று தகரத்தின் மேல் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு அப்போது ஒரு சீன்காரர் அவசரமாக வேண்டியிருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பேசும் படம் கோயமுத்தூருக்குள் வந்துவிட்ட காலம். நாடகக் கொட்டகைகளில் பாதி பெருச்சாளிக்குக் குடித்தனமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் புதிதாகக் கொட்டகை போடுகிறேன் என்றதும் ஊரே சிரித்தது. என் மாமனார் சிரிக்கவில்லை. வீடு தேடி வந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, மரியாதையாகப் பேசினார்.

"ஏனுங் மாப்ள, ஆடி நோம்பிக்கு நாடகம் போடறீங்களாமா. போடுங்க. கொட்டகை நெறஞ்சுதுன்னா எனக்கும் பெருமைதானுங்க. நெறையலீன்னா ஒண்ணும் ரோசன பண்ணாதீங்க. அந்தத் தகரத்தப் பிரிச்சு எங்க மாட்டுச்சாளைக்குப் போட்டுப்போடலாம். நீங்களும் அங்கயே மாட்டப் பாத்துக்கிட்டு நெழல்ல இருந்துக்கலாமுங்க."

எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். ஆடி நோம்பிக்குக் கொட்டகை நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசு பூராவும் மாமனார் வீட்டுச் சாணி. தெற்கே இருந்து ஒரு நாடகக் கம்பெனியைப் பிடித்தேன். முருகன் வள்ளியைத் தேடி வந்து கட்டிக்கொள்கிற கதை. முருகனாக வேஷம் கட்டுகிற ராஜபார்ட்டுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வயிறு அவருக்கு முன்னால் மேடைக்கு வரும். ஆனால் குரல் என்றால் குரல். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தினைக்காட்டுக்குப் புது சீன் வேண்டும், பழைய துணி முன்னால் நிற்கமாட்டேன் என்றார்.

அந்தப் பழைய சீனை மலையெழுதிக்கு விரித்துக் காட்டினோம். எல்லாக் கம்பெனியிலும் இருப்பதுதான். கூராக இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஆற்றில் அன்னம்.

அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். "ஏனுங் கண்ணு, இது என்னுங்க, கொழுக்கட்டையா?"

"மலைய்யா அது!" என்றார் ராஜபார்ட்டு.

"அப்புடீங்ளா? ஆருங்க இப்புடிப் போட்டு வேக வெச்சது?"

அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் ஆகவில்லை.

முதலில் அவர் கைவேலையைப் பார்ப்போம் என்று அரண்மனை சீன் ஒன்றை எழுதச் சொன்னேன். எழுதினார். தூண் இருந்தது, சிம்மாசனம் இருந்தது, சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னலும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே குருடிமலை தெரிந்தது. மறுநாள் பார்த்தால் ஜன்னல் பெரிதாகியிருந்தது. அதற்கு மறுநாள் சிம்மாசனத்தைக் காணோம். "மலைய மறைக்குதுங்க" என்றார். தேவலோகம் எழுதச் சொன்னால் இந்திரன் சபைக்குப் பின்னாலும் குருடிமலைதான். ராஜபார்ட்டு என்னிடம் வந்து, "மொதலாளி, நான் நிக்கிற எடத்துல எல்லாம் அந்த மலை வந்து நிக்குது. யார் இங்கே கதாநாயகன், நானா, அதுவா?" என்று கேட்டார். வயிற்றைப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

மலையெழுதி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அது ஒரு கண்கொள்ளாக் காட்சி. இலையில் கீரையை ஒரு பக்கம் இழுப்பார், அதில் கொஞ்சம் தயிரை விடுவார், கத்தரிக்காய்த் தோலை வைப்பார், தள்ளி உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "பொழுதோட அந்தக் கரட்டு மலைக்கு இந்த நெறந்தான் வருது" என்பார். சோறு ஆறிப் போயிருக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் இப்படியே இலையில் மலை கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் ஏதோ குறை கண்டு சாப்பிடாமல் இருக்கிறார் என்று நினைத்து, மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து கைகூப்பி நின்றார். "கொஞ்சம் ரசம் தெளிவா ஊத்தச் சொல்லுங்க, வெய்யல் பத்துல" என்றார் இவர்.

என் சம்சாரம் பொறுமைசாலி. அவளுக்கே ஒருநாள் பொங்கிவிட்டது.

"ஏனுங்ணா, மாமன் வேட்டிக்குப் போட வாங்கி வெச்ச நீலம் எங்கீங்க?"

"அம்மணி, அது மலைக்குப் போயிருச்சு."

"மஞ்சத்தூளு?"

"அது வெய்யலுக்குப் போயிருச்சு."

"குங்குமச் சிமிழக் காணமுங்க!"

"அத இன்னும் கரைக்குல அம்மணி. செம்மண்ணுக்கு வேணுமின்னு நெனச்சுத்தான் எடுத்து வெச்சேன். இந்தாங்க."

துணி வேண்டும் என்றார். நல்ல கனமான துணிக்கு எங்கே போவது? எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் சீராகக் கொடுத்த சென்னிமலைத் துப்பட்டிகள் பெட்டியில் அடுக்கியிருந்தன. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என் சம்சாரம் அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். இதை எழுதிக்கொள்ளுங்கள். மலைக்கு அஸ்திவாரம் எங்கள் வீட்டுத் துப்பட்டி.

துணி தயார், சாயத்தூள் தயார், அதைக் குழைக்க வஜ்ஜிரப் பசையும் காய்ச்சியாகிவிட்டது. தெரு முழுக்க நாற்றம். ஆனால் மனுஷர் தூரிகையைத் தொடவில்லை. மேகம் வரவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

"எந்த மேகமுங்க?"

"மழை கட்டற மேகமுங்க. தெக்கால தோள்ள பஞ்சாட்ட வெள்ளையா வந்து உக்காரும். பொறவு கருக்கும். கருத்து அடிவாரத்துக்கு வந்துச்சுன்னா நீலமாயிரும். அதப் பாக்காம எப்புடிக் கண்ணு எழுதறது?"

ராஜபார்ட்டு தலையில் அடித்துக்கொண்டார். "தினைக்காட்டுக்கு மேகம் எதுக்குய்யா? சூரியனைப் போடு, ரெண்டு மயிலைப் போடு, முடிஞ்சது!"

"மழையில்லாத காட்டுல அந்தப் புள்ள எதுக்குங்க காவலுக்கு நிக்குது? வெளைஞ்சாத்தான குருவி வரும், குருவி வந்தாத்தான வெரட்டோணும், வெரட்டற சத்தங் கேட்டுத்தான நீங்களே வாரீங்க? மேகமில்லீன்னா உங்குளுக்குக் கல்யாணமே இல்லீங்க."

ராஜபார்ட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆடி மாசம் எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று. நிற்கிற ஆளை நடக்க வைக்கும், நடக்கிற ஆளை ஓட வைக்கும். மேகம் வந்தால் ஊதித் தள்ளிவிடும். ஒருநாள் காலையில் மேகம் வந்தது. மலையெழுதி சாயத்தைக் குழைத்துத் தலை நிமிர்வதற்குள் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. மனுஷருக்கு வந்ததே கோபம்! மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கிழக்கே பார்த்துச் சாப்பிட்டார், கிழக்கே பார்த்துப் படுத்தார். தெருவில் நடந்தால் அந்தப் பக்கம் குடையைச் சாய்த்துக்கொண்டு போனார்.

"என்னுங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"பேச்சுவார்த்தை இல்லீங்க" என்றார்.

"ஆரோடீங்க?"

கட்டை விரலை முதுகுக்குப் பின்னால் காட்டினார்.

நோம்பி நெருங்கிக்கொண்டிருந்தது. நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. மாமனார் ஆள் அனுப்பித் தகரத்தின் நீள அகலத்தை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் என்ன செய்வேன்? பொழுது சாய்கிற நேரத்தில் யாரும் பார்க்காதபடி காட்டுக்குள் போய், குருடிமலையைப் பார்த்துக் கும்பிட்டு, "ஏனுங், பெரிய மனசு பண்ணோணுமுங்க. அவுரு கோவக்காரருங்க, நீங்கதான் எறங்கி வரோணும்" என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் மேகம் வந்தது. மேகத்துக்கு ஏற்பாடு செய்தவன் யார் என்பதை வாசகர்கள் மறக்கக்கூடாது.

கொட்டகைக்குப் பின்னால் மேட்டாங்காடு. அங்கே துணியை விரித்து நாலு மூலைக்கும் முளை அடித்தோம். துடைப்பம் போன்ற ஒரு தூரிகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் துணியின் மேலேயே ஓடினார். மேலே மேகம் நகர நகர, கீழே அவர் நகர்ந்தார். குனிகிறார், நிமிர்கிறார், மலையைத் திட்டுகிறார், கொஞ்சுகிறார், "இரு சாமி, இரு சாமி" என்று கெஞ்சுகிறார். நான் சாயச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ராஜபார்ட்டு கூட வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மேகம் முடிகிற சமயத்தில் காற்று வந்தது. ஒரு முளை பிடுங்கிக்கொண்டது, இரண்டாவதும் போயிற்று. துணி பாம்பு படமெடுத்த மாதிரி எழுந்தது. மலையெழுதி அதன் விளிம்பைப் பிடித்தார். மலை அவரையும் சேர்த்துத் தூக்கிற்று. நம்பினால் நம்புங்கள், அந்த மனுஷரின் கால் தரையில் இல்லை! ஒரு குருடிமலையைப் பிடித்துக்கொண்டு நிஜமான குருடிமலையைப் பார்த்தபடியே பறந்துகொண்டிருந்தார். நான் சட்டியைப் போட்டுவிட்டு ஒரே தாவாகத் தாவி, துணியின் கீழ் ஓரத்தை இடது காலால் ஓங்கி மிதித்தேன். இரண்டு பேரையும் உழவு மண்ணில் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்க் கிளுவை வேலியில் சாத்திவிட்டுத்தான் காற்று ஓய்ந்தது.

எனக்கு முட்டியில் ரத்தம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. துணியைப் பார்த்தார். மலையடிவாரத்தில், ஈரச் சாயத்தில், ஐந்து விரலும் தெரிய என் பாதம் பதிந்திருந்தது.

"மலைய மிதிச்சுப்போட்டீங்களே கண்ணு!" என்று அலறினார்.

"மிதிக்காட்டி நீங்க இந்நேரம் ஊட்டியிலல்ல இருப்பீங்க!" என்றேன் நான்.

தலையைச் சாய்த்து அந்தத் தடத்தைப் பார்த்தார். பிறகு தூரிகையை எடுத்து, குதிகாலை ஒரு பாறையாக்கினார். விரல்களை ஐந்து குண்டுக்கல் ஆக்கினார். "இருக்கட்டும். அடிவாரம் கொஞ்சம் வெறிச்சுன்னுதான் இருந்துச்சு" என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

ஆடி நோம்பி வந்தது. கொட்டகை நிரம்பிற்று! சோளக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் பாடுபடுகிற ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. மாமனார் முதல் பெஞ்சில், மேல் துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி சாணி இல்லை என்று என் மனசு குளிர்ந்தது.

இங்கே மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். மூன்றும் என் ஏற்பாடு. ஒன்று, ஜனங்களின் கால் புழுதி அடங்கட்டும் என்று தரை முழுக்கத் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருந்தேன். மண் வாசம் கமகமவென்று வந்துகொண்டிருந்தது. இரண்டு, பொழுது விழட்டும், அதுவரை எண்ணெய் மிச்சம் என்று கேஸ் லைட்டை ஏற்ற விடவில்லை. உள்ளே மங்கலாக இருந்தது. மூன்று, கொட்டகையை நான் கட்டியதே கிழக்கு பார்த்து. அதனால் மேடை மேற்கே இருந்தது. மழை வருமா என்று எங்கள் ஜனம் பிறந்ததிலிருந்து எந்தத் திசையைப் பார்க்குமோ, அந்தத் திசை. பக்கத்துத் தட்டிகளின் வழியாக ஆடிக் காற்று விர்ரென்று வீசிக்கொண்டிருந்தது.

முன் படுதாவை நானே கயிறு பிடித்துத் தூக்கினேன்.

மேற்கே குருடிமலை. அதன் தோளிலிருந்து கருத்து, அடிவாரத்துக்கு வந்து நீலமாகி, இதோ கொட்டப்போகிறேன் என்று நின்றது மேகம். வள்ளி வேஷக்காரர் கவணைச் சுற்றிக்கொண்டு "ஆலோலம்" என்று வாயைத் திறந்தார்.

என் மாமனார் எழுந்து நின்றார்.

"அடக் கெரகமே! மலையில கட்டீருச்சு! களத்துல சோளங் கெடக்குது!"

அவ்வளவுதான். "எங்கூட்டு மொளகாய்!" என்று ஒரு குரல். "சோளத்தட்டுப் போரு மூடலீங்க!" என்று இன்னொன்று. "புள்ள, ராகிய அள்ளு, ஓடு!" என்று பெண்கள் பக்கம். பெஞ்சு கவிழ்ந்தது, தட்டி சரிந்தது, மாட்டைப் பூட்டக் கூட நேரமில்லாமல் வண்டியை விட்டுவிட்டு ஓடினார்கள். நான் வாசலில் கையை விரித்து நின்று, "துணியுங்க! அது வெறுந் துணியுங்க!" என்று கத்தினேன். என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒரு ஆள் கூட மிச்சமில்லை. வாசலில் சாயா விற்றுக்கொண்டிருந்தவரும் ஓடிவிட்டார். அவருக்கும் எங்கேயோ புளி காய்ந்துகொண்டிருந்ததாம்.

காலிக் கொட்டகையில் வள்ளி மட்டும் குருவி ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கவாட்டிலிருந்து ராஜபார்ட்டு வேலோடு பாடிக்கொண்டே கம்பீரமாக நுழைந்து, கண்ணைத் திறந்து பார்த்தார். "குருவி ஓட்டச் சொன்னா ஊரையே ஓட்டிட்டியே!" என்று வள்ளியைப் பார்த்துக் கேட்டார்.

மேடைக்குப் பின்னால் பாய்ந்தேன். மலையெழுதி தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கொட்டகை போச்சுங்க! நாளைக்கு நான் சாணி அள்ளப் போறேன்! உங்க மேகம் என்ற பொழப்புல இடியாட்ட உளுந்துபோச்சு!"

அவர் நிமிர்ந்தார். "கண்ணு, ஓடுனாங்ளா?"

"ஓடுனாங்க!"

"திரும்பிப் பாக்காமயா?"

"செருப்ப உட்டுப்போட்டு ஓடுனாங்க!"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டில் இருந்த நீலமெல்லாம் முகத்துக்கு வந்தது. அதில் கண்ணீர் கோடு போட்டது. "இத்தன வருசமா என்ற சீனப் பாத்து எல்லாரும் கை தட்டியிருக்கறாங்க கண்ணு. இன்னைக்குத்தான் ஒருத்தரும் தட்டுல" என்றார்.

திட்ட வந்தவன்தான் நான். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி கிடந்தது.

மறுநாள் காலையில் நானே ஏணி போட்டுத் தகரத்தின் ஆணியைப் பிடுங்க ஆரம்பித்தேன். மாமனார் வந்து சொல்வதற்கு முன் நாமே பிரித்து வைத்தால் கௌரவம் அல்லவா? நாலைந்து ஆணி கழற்றியிருப்பேன், மாமனாரின் வண்டி வந்து நின்றது. வண்டி நிறைய ஆள். தகரம் தூக்கத்தான் ஆள் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து இறங்கினேன்.

அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏனுங் மாப்ள, இன்னைக்கும் அந்த மழை மப்பத் தூக்குவீங்ளா?"

"எதுக்குங் மாமா?"

குரலைத் தணித்தார். "எங்க அண்ணன் நேத்து நாடகத்துக்கு வருலீங்க. துணியப் பாத்து ஓடுனவன்னு விடிஞ்சதுல இருந்து என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கறாரு. வண்டியில உக்காந்துருக்கறாரு பாருங்க, அவுருதான். இன்னைக்கு அவுரும் ஓடோணும். நேத்தாட்டவே தண்ணி நல்லாத் தெளிச்சு உடுங்க. லைட்டு மட்டும் பத்த வெச்சுப்போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சாயங்காலம் பார்த்தால், முந்தின நாள் ஓடிய ஒவ்வொருவரும் ஓடாத ஒருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மச்சானைக் கூட்டி வந்தவர்கள், பங்காளியைக் கூட்டி வந்தவர்கள், சம்பந்தியைக் கூட்டி வந்தவர்கள். உட்கார இடமில்லை. படுதா தூக்கியது. மாமனாரின் அண்ணன், துணி என்று தெரிந்தே வந்த மனுஷர், மேகத்தைப் பார்த்தார், மண் வாசத்தை முகர்ந்தார், "எதுக்கும் ஒரெட்டுப் பாத்துப்போட்டு வந்தர்றேன்" என்று எழுந்தவர், வாசலைத் தாண்டியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். என் மாமனார் பெஞ்சின் மேல் ஏறி நின்று கை தட்டினார்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் அதே கதைதான். பெரியநாயக்கன்பாளையம் பக்கமிருந்தெல்லாம் வண்டி வந்தது. ராஜபார்ட்டு கூட வழிக்கு வந்துவிட்டார். "ஓட்டம் முடிஞ்சதும் என்னைக் கூப்பிடுங்க மொதலாளி, அப்புறம் முருகன் வருவார்" என்று உள்ளே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாமனார் ஒருநாள் மேடையேறி அந்த சீனின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இது சென்னிமலைத் துப்பட்டியாட்டருக்குதுங்க மாப்ள. நாஞ் சீருக்குக் குடுத்த கரையாட்டவே இருக்குது" என்றார்.

"தொடாதீங்க மாமா, கையில ஒட்டிக்கும்" என்றேன். அவர் தன் மகளைப் பார்த்தார். அவள் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தகரம் அப்படியே இருந்தது. மாட்டுச்சாளைக்கு மாமனார் ஓலைதான் மேய்ந்துகொண்டார்.

சில வருஷம் கழித்து அந்தக் கொட்டகையையே நான் டாக்கீஸ் ஆக்கினேன். சினிமாவுக்கு வெள்ளைத் துணி கட்டியபோது மலையெழுதி வந்து எதிரே நின்று பார்த்தார். "நல்ல மப்பு. மலை பின்னால இருக்குதா கண்ணு?" என்று கேட்டார். நான் துணியின் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துக் கட்டினேன். அதற்கடுத்த வாரம் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினார். ஊட்டி மலை கூப்பிடுகிறதாம், ரொம்ப நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறதாம், இங்கே ஒருத்தர் கோபித்துக்கொள்வாரே என்றுதான் போகாமல் இருந்தாராம். ஒருத்தர் என்றது குருடிமலையைத்தான் என்று அப்போது நினைத்தேன். பஸ்ஸுக்குள் உட்காராமல் மேலே மூட்டைகளோடு ஏறி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பஸ் திரும்புகிற வரைக்கும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனார். அப்புறம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

துணி என்னிடம்தான் இருந்தது. போன மாசம் ஒரு கல்லூரியில் பழைய நாடகச் சாமான் கண்காட்சி என்று கேட்டார்கள், கொடுத்தேன். போய்ப் பார்த்தால், கீழே ஒரு அட்டை தொங்குகிறது: 'பழைய நாடகத் திரை. வரைந்தவர் தெரியவில்லை.' தெரியவில்லையாம்! பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், அடிவாரத்துப் பாறையைக் காட்டி, இது இறைவனின் திருப்பாதத்தைக் குறிக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "அது என்ற காலுங்க, எடது காலு" என்றேன். நம்பவில்லை. செருப்பைக் கழற்றி, சுண்டு விரல் வளைந்திருப்பதைக் காட்டி, படத்துக்குப் பக்கத்தில் காலைத் தூக்கி வைத்தேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆகவே இந்தப் பத்திரிகையின் மூலமாகக் கேட்கிறேன். அந்த அட்டையை மாற்ற வேண்டும். மேகம்: மலையெழுதி. துப்பட்டி, மண் வாசம், இருட்டு, இடது கால்: அடியேன். இப்படி என் முழுப் பெயரையும் போட்டு எழுத வேண்டும். கல்லில் வெட்டவேண்டும் என்று கூடக் கேட்கவில்லை, அட்டையே போதும். ஆனால் என் பெயர் தள்ளி எங்கேயோ இருக்கக்கூடாது, அவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் ஜன்னல்கள் மேற்கே பார்த்து இருக்கின்றன. ஆடிக் காற்று புகுந்தால் அந்த மனுஷரைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.